பெட்டி கிளம்பினது நம்ம ஏரியாவுல இருந்து: ஒரு ட்ரூ க்ரைம் ரீடிங் சேலஞ்ச்

ஜனவரியில ஒரு வீராப்புல ஆரம்பிச்ச விஷயத்தைப் பத்திதான் இந்த எபிசோட். வருஷத்துக்கு 12 புத்தகம், மாசத்துக்கு ஒண்ணு, எல்லாமே ட்ரூ க்ரைம். அதாவது நிஜமா நடந்த குற்றத்தைப் பத்தின புத்தகம். ராஜேஷ்குமார் நாவல் எவ்வளவு பிடிச்சாலும் இதுல கணக்குல வராது.

ரீடிங் சேலஞ்ச் தெரியாதவங்களுக்கு: வருஷ ஆரம்பத்துல ஒரு எண்ணிக்கையை முடிவு பண்ணிக்கணும், படிச்சதைக் குறிச்சு வைக்கணும், அவ்வளவுதான். குட்ரீட்ஸ் மாதிரி ஆப்ல இதுக்குன்னே இடம் இருக்கு. ஆனா வெறும் எண்ணிக்கை மட்டும் வெச்சா ஒரு ஆபத்து. ஒரே மாதிரி 12 புத்தகம் படிச்சு முடிச்சுடுவோம். அதனால நிறைய பேர் தலைப்பு வெச்சுப் பிரிச்சுக்குவாங்க. நானும் பிரிச்சேன். சொந்த ஊர்ல நடந்தது ஒண்ணு, விசாரிச்ச அதிகாரியே எழுதினது ஒண்ணு, நீதிமன்றத்தை மையமா வெச்சது ஒண்ணு, இறந்தவரை மையமா வெச்சது ஒண்ணு, இப்படி.

படிக்க நேரம்? விம்கோ நகர்ல மெட்ரோ ஏறினா கிண்டி போய் இறங்குற வரைக்கும் உக்காந்து படிக்கலாம். திருவொற்றியூர்க்காரனுக்குக் கிடைச்ச ஒரே சொகுசு அது. பஸ்ல போன காலத்துல டோல்கேட் தாண்டுறதுக்குள்ள கண்டெய்னர் லாரிக்கு நடுவுல பாதி உயிர் போயிடும், படிக்கிறது எங்க?

"சொந்த ஊர்" தலைப்புக்கு எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கலை. ஆளவந்தார் வழக்கு. எங்க பக்கத்துப் பெரியவங்க யாரைக் கேட்டாலும் ஒரு வரியாவது சொல்லுவாங்க.

1952 ஆகஸ்ட் 28. பாரிமுனைப் பக்கம் ஜெம் அண்ட் கம்பெனி பேனாக் கடையைச் சேர்ந்த ஆளவந்தார் வீடு திரும்பலை. முன்னாடி ராணுவத்துல வேலை பார்த்தவர், கல்யாணமானவர், குழந்தைகள் இருந்தாங்க. மறுநாள், எழும்பூர்ல இருந்து தனுஷ்கோடி போற போட் மெயில்ல, ஒரு பெட்டியில இருந்து நாத்தம் வருதுன்னு பயணிகள் சொல்ல, மானாமதுரையில இறக்கித் திறந்து பார்த்தா தலையில்லாத உடல். தலை ராயபுரம் கடற்கரையில புதைக்கப்பட்டிருந்து, பிறகு போலீஸ் கைக்கு வந்தது. கொலை நடந்தது ராயபுரம் செமட்ரி ரோட்டுல ஒரு வீட்டுல. குற்றம் சாட்டப்பட்டவங்க பிரபாகர மேனன், அவர் மனைவி தேவகி. பம்பாய்க்குப் போயிட்ட ரெண்டு பேரையும் அங்க பிடிச்சாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி தேவகிக்கும் ஆளவந்தாருக்கும் பழக்கம் இருந்தது, அதுதான் காரணம்ங்கறது வழக்கு.

இதுல உடலும் தலையும் ஒரே ஆளோடதுதானான்னு நிரூபிக்க வேண்டியிருந்தது. மானாமதுரையில ஒண்ணு, மெட்ராஸ்ல ஒண்ணு. இன்னிக்கு டிஎன்ஏ சோதனை பண்ணி முடிச்சிடுவாங்க. 1952-ல அது கிடையாது, டிஎன்ஏவோட வடிவத்தையே அடுத்த வருஷம்தான் கண்டுபிடிச்சாங்க. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி தடயவியல் ஆட்கள் எலும்பு, பல், காது, விரல் ரேகைன்னு ஒவ்வொண்ணா வெச்சுத்தான் ஆளை உறுதி பண்ணணும். தமிழ்நாட்டுத் தடயவியல் வரலாற்றுல இந்த வழக்கை இன்னும் பேசுறது இதனாலதான்.

1953-ல ஹைகோர்ட்ல ஜூரி முன்னாடி விசாரணை. நீதிபதி ஏ.எஸ்.பி. அய்யர், ஐசிஎஸ்காரர், ஆங்கிலத்துல கதையும் நாடகமும் எழுதினவர். அரசுத் தரப்புல கோவிந்த் சுவாமிநாதன், கேப்டன் லட்சுமியோட அண்ணன்... இல்ல, சகோதரர்னு மட்டும் வெச்சுக்கங்க, மூத்தவர் யார்னு சண்டைக்கு வராதீங்க. தீர்ப்பு: மேனனுக்கு 7 வருஷம், தேவகிக்கு 3 வருஷம். ஒரு மனுஷனை வெட்டிப் பெட்டியில வெச்சு ரயில்ல அனுப்பின வழக்குக்கு இந்தத் தண்டனை. தூக்கும் இல்லை, ஆயுளும் இல்லை. விசாரணை முழுக்கப் பேசப்பட்டது செத்தவரோட நடத்தை.

இதைத்தான் நாங்க ஒரு எபிசோடாப் பண்ணினோம். கேட்டிருப்பீங்க. பெட்டி, போட் மெயில், பச்சைத் தண்ணி குடிச்ச மாதிரி பம்பாய்க்கு ஓட்டம்னு ஜாலியா ஓடுச்சு. நானும் ரெண்டு ஜோக் அடிச்சேன். நல்ல வரவேற்பு.

அடுத்த வாரம் எங்க ஏரியா அக்கா ஒருத்தர் வாய்ஸ் நோட் அனுப்பினாங்க. யாருன்னு தெரியற மாதிரி எதையும் சொல்ல மாட்டேன். பல வருஷம் முன்னாடி அவங்க வீட்டுல ஒரு கொலை. பேப்பர்ல "கள்ளக்காதல்"னு பெரிய எழுத்துல போட்டு, செத்தவர் பேரைச் சின்ன எழுத்துல போட்டாங்களாம். அந்தத் தலைப்பு இன்னிக்கும் மனப்பாடமா இருக்குன்னாங்க. கடைசியில, "உங்க எபிசோடும் அப்படித்தான் இருந்துச்சு தம்பி. அந்த ஆளவந்தார் வீட்டம்மா, புள்ளைங்க பத்தி நீங்க ஒரு வார்த்தை பேசலை"ன்னு முடிச்சுட்டாங்க.

திரும்ப என் ஆடியோவையே போட்டுக் கேட்டேன். நிஜமாவே ஒரு வார்த்தை இல்லை. 38 நிமிஷம் பேசியிருக்கேன். ஜோக் இருந்த பகுதியை வெட்டிட்டு மறுபடி ஏத்தினோம். அதோட சேலஞ்ச் பட்டியலையும் மாத்தினேன். மீதி மாசத்துக்கு ஒரு கேள்வி மட்டும்: இந்தப் புத்தகம் யாரைக் கூட்டிட்டு வந்து முன்னாடி நிறுத்துது?

இந்தக் கேள்வியோட படிச்சா புத்தகமெல்லாம் வேற மாதிரி தெரியுது. ஹேலி ரூபன்ஹோல்ட் எழுதின 'தி ஃபைவ்', 2019-ல வந்தது. ஜாக் த ரிப்பர் கொன்னதாச் சொல்ற 5 பெண்களோட வாழ்க்கை. கொலைகாரன் யார்ங்கற ஆராய்ச்சிக்கு அதுல இடமே கிடையாது. அந்தப் பெண்கள் எங்க பொறந்தாங்க, என்ன வேலை செஞ்சாங்க, எப்படி வீடில்லாம ஆனாங்கங்கறதுதான் முழுப் புத்தகமும். 130 வருஷமா எல்லாரையும் பாலியல் தொழிலாளின்னே சொல்லிட்டு இருந்தாங்க, பெரும்பாலானவங்க விஷயத்துல அதுக்கு ஆதாரமே இல்லைங்கறது அவங்க வாதம்.

பாச்சி கர்காரியாவோட 'இன் ஹாட் பிளட்', நானாவதி வழக்கு. 1959-ல பம்பாய்ல கடற்படை அதிகாரி நானாவதி, மனைவியோட தொடர்புல இருந்த பிரேம் அஹுஜாவைச் சுட்டார். ஜூரி 8-க்கு 1 கணக்குல குற்றவாளி இல்லைன்னுது. ஹைகோர்ட் அதைத் தூக்கிப் போட்டு ஆயுள் கொடுத்தது, கடைசியில மன்னிப்பும் கிடைச்சது. பம்பாயே நானாவதி பக்கம் நின்னுச்சு. படிக்கும்போது எனக்கு ராயபுரம்தான் ஞாபகம் வந்தது. ஏழு வருஷம் முன்னாடி இங்கயும் அதே இரக்கம், அதே கணவன் கதை. அஹுஜாவும் ஆளவந்தாரும் செத்ததோட கதையில வில்லன் ஆயிட்டாங்க. நல்லவங்களா இருந்திருக்கணும்னு நான் சொல்லலை. கொலை செய்யப்பட நல்லவனா இருக்கணும்னு என்ன சட்டம்?

கபோட்டியோட 'இன் கோல்ட் பிளட்' பத்தி நிறைய பேர் கேட்டீங்க. எழுத்து பிரமாதம். ஆனா கடைசிக் காட்சி நடக்கவே இல்லை, அவர் கற்பனைன்னு பின்னாடி வெளியே வந்தது. எனக்கு அங்கயே கசந்துடுச்சு. ப்ரொடக்‌ஷன் லாக்ல ஒருத்தன் அழகுக்காக ஒரு வரி சேர்த்தா நம்ம டீம்ல விடுவோமா?

தமிழ்ல இந்த மாதிரி இல்லையேன்னு நினைக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். நம்மகிட்ட ரொம்ப நாளா இருக்கு, பேர்தான் வேற. கொலைச்சிந்து. எங்காவது ஒரு கொலை நடந்தா அதைச் சிந்து மெட்டுல பாட்டாக் கட்டி, மட்டமான தாள்ல அச்சடிச்சு, காலணா அரையணாவுக்கு விப்பாங்க. மெட்ராஸ்ல குஜிலி பஜார்தான் இதுக்குச் சந்தை. அதனால குஜிலிப் புத்தகம்னே பேர். சந்தையிலயும் ரயில்லயும் பாடிக்கிட்டே விக்கிறது. படிக்கத் தெரியாதவனும் கேட்பான். பாட்காஸ்ட்னா வேற என்னங்க? ஆ.இரா. வேங்கடாசலபதியோட 'முச்சந்தி இலக்கியம்' படிங்க, இந்த உலகம் முழுக்க அதுல இருக்கு. என் சேலஞ்ச்ல ரொம்ப சந்தோஷமாப் படிச்ச புத்தகம் அதுதான்.

லட்சுமிகாந்தன் வழக்கும் இந்த வரிசைதான். 'இந்து நேசன்' பத்திரிகையில சினிமாக்காரங்களோட அந்தரங்கத்தை எழுதிச் சம்பாதிச்சவர். 1944 நவம்பர் 8-ஆம் தேதி வேப்பேரியில கத்திக்குத்து, மறுநாள் இறந்துட்டார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் உள்ள போனாங்க. லண்டன் ப்ரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1947-ல விடுதலை ஆனாங்க. அப்ப குத்தினது யாரு? அதுக்கு விடையே வரலை. பாகவதர் மார்க்கெட் போன சோகத்தை எல்லாரும் சொல்லுவாங்க, கேட்டிருப்பீங்க.

இப்ப சட்டம். பாட்காஸ்ட் பண்றவங்க இதைக் கொஞ்சம் கவனிங்க. ஆட்டோ சங்கர் ஜெயில்ல எழுதின சுயசரிதையை நக்கீரன் போடப் போறாங்கன்னதும் சிறை அதிகாரிங்க தரப்புல இருந்து எதிர்ப்பு வந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட் போய் 1994 அக்டோபர்ல தீர்ப்பு. பொது ஆவணத்துல, கோர்ட் ஆவணத்துல இருக்கறதை யார் அனுமதியும் இல்லாம எழுதலாம். அதைத் தாண்டி ஒருத்தரோட சொந்த வாழ்க்கைக்குள்ள அனுமதி இல்லாம போனா அந்தரங்க உரிமையை மீறினதாகும். பாலியல் குற்றத்துல பாதிக்கப்பட்ட பெண்ணோட பேர் ஆவணத்துல இருந்தாலும் வெளியிடக் கூடாது. அதுக்குத் தனியாவே சட்டம் இருக்கு, முன்னாடி இந்தியத் தண்டனைச் சட்டம் 228ஏ, இப்ப பாரதிய நியாய சன்ஹிதா 72. குழந்தைங்க விஷயத்துல போக்சோ சட்டத்தோட 23-வது பிரிவும் இருக்கு. "பேர் சொல்லலை, தெரு மட்டும் சொன்னேன்"ங்கறதும் தப்புதான், அடையாளம் தெரியக் கூடாதுங்கறதுதான் விஷயம்.

விசாரிச்ச அதிகாரி தலைப்புக்கு கே. ரகோத்தமனோட ராஜீவ் கொலை வழக்குப் புத்தகம் எடுத்தேன். சிபிஐயோட தலைமை விசாரணை அதிகாரியா இருந்தவர். ஸ்ரீபெரும்புதூர்ல செத்துப்போன ஹரிபாபுவோட கேமராவுல இருந்த படங்கள்ல இருந்து வழக்கு எப்படி நகர்ந்ததுங்கறதை உள்ள இருந்து சொல்றார். ஆனா இந்த வகையில எப்பவும் ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கணும், எழுதறவர் ஒரு தரப்பு. பக்கத்துலயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பை வெச்சுக்கிட்டுப் படிங்க. இந்தியன் கானூன் தளத்துல இலவசமாக் கிடைக்கும். சுப்ரீம் கோர்ட்டோட தளத்துல சில தீர்ப்புகள் தமிழ்லயும் இருக்கு. முதல் தடவை படிக்கும்போது தலை சுத்தும். நேரா சாட்சிகள் சொன்னதைத் தொகுக்கிற பத்திக்குப் போயிடுங்க.

புத்தகம் வாங்கக் காசு இல்லைன்னா கன்னிமாரா இருக்கு, எழும்பூர்ல இறங்கி நடக்கிற தூரம். நான் இதுவரைக்கும் 9 முடிச்சிருக்கேன், கணக்குப்படி 10 இருக்கணும். ஒண்ணை 60 பக்கத்துல மூடி வெச்சுட்டேன். கொன்னவனோட சின்ன வயசுக்கு நாலு அத்தியாயம், செத்த பொண்ணுக்கு ஒண்ணரைப் பக்கம். அதைக் கணக்குல சேர்க்கிறதா வேண்டாமான்னு நம்ம டெலிகிராம் குரூப்ல சண்டை நடந்துட்டு இருக்கு.

அந்த அக்கா போன வாரம் மறுபடி வாய்ஸ் நோட் அனுப்பினாங்க. வெட்டி மறுபடி ஏத்தினதைக் கேட்டாங்களாம். "பரவால்ல. ஆனா அந்தம்மா பேரைக் கடைசி வரைக்கும் சொல்லலையே"ன்னாங்க.