காய்கறியும் புற்றுநோய்க் காப்பும்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், பொம்மசந்திரத்தைக் கடந்ததும் வருவது சந்தாபுரா. ஆனேக்கல்லுக்குச் சாலை பிரியும் ஊர் இது. சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளை நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே வாழ்கின்றன. மாலையில் வேலை முடிந்து காய்கறிக் கடை முன் நிற்பவர், கையிலுள்ள காசையும் அடுப்படியில் கிடைக்கும் நேரத்தையும் ஒருங்கே எண்ண வேண்டியவராகின்றார். உருளைக்கிழங்கும் வெங்காயமும் பைக்குள் செல்கின்றன. முள்ளங்கியும் கீரையும் கடையிலேயே தங்கிவிடுகின்றன. அவ்வாறு விட்டுவரும் காய்களில் இயற்கை வைத்திருப்பது யாது? அது புற்றுநோயினின்று நம்மைக் காக்குமா? காக்குமாயின் எவ்வளவு? இவற்றைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

செடிகளுக்குக் கால்களில்லை. பூச்சி கடித்தால் ஓட இயலாது. ஆகவே தம் காப்புக்குரிய பொருள்களைத் தம் உடலிலேயே ஆக்கி வைத்துக்கொள்கின்றன. கடுகுக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். முட்டைக்கோசு, காலிபிளவர், நூல்கோல், முள்ளங்கி ஆகிய யாவும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. சந்தாபுராக் கடைகளில் இவற்றை முறையே எலெகோசு, ஹூகோசு, நவிலுகோசு, மூலங்கி எனக் கன்னடத்தில் கேட்டு வாங்கலாம். இவற்றில் குளுக்கோசினோலேட் என்னும் கந்தகம் கலந்த பொருள் ஓரிடத்திலும், மைரோசினேஸ் என்னும் நொதி வேறோரிடத்திலும் தனித்தனியே இருக்கின்றன. நறுக்கும்போதும் மெல்லும்போதும் இரண்டும் கலக்கின்றன. கலந்தவுடன் ஐசோதயோசயனேட் என்னும் காரப்பொருள் பிறக்கின்றது. பச்சை முள்ளங்கியைக் கடித்தால் மூக்கில் ஏறும் காரம் இதுவே. நம் முருங்கையும் இக்குடும்பத்துக்குத் தூரத்து உறவினதே. அதன் கீரையிலும் இவ்வினத்துப் பொருள் உண்டு. கர்நாடகத்தில் அதனை நுக்கே சொப்பு என்பர்.

பூச்சிக்குப் பகையான இக்காரம் மனிதனுக்கு எவ்வாறு நன்மை செய்கின்றது? உணவின் வழியாகவும் மூச்சின் வழியாகவும் உடலில் புகும் சில நச்சுப்பொருள்கள், உயிரணுக்களின் மரபுப்பொருளைச் சிதைக்க வல்லவை. அச்சிதைவுகள் பல ஆண்டுகளாகச் சேர்ந்து புற்றுநோய்க்கு வித்தாகின்றன. நச்சை முறித்து வெளியேற்றும் நொதிகளும் நம் உடலிலேயே உள்ளன. 1992-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் தலாலே என்பவரும் அவர்தம் குழுவினரும், முட்டைக்கோசின் உறவான பிராக்கோலியிலிருந்து சல்போரபேன் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அது அந்நொதிகளைப் பெருகச் செய்வதை ஆய்வுக்கூடத்தில் கண்டனர். காவலர் உடலிலேயே உள்ளனர். காய்கறி அவர்களைத் துயிலெழுப்புகின்றது எனலாம்.

இப்பயன் நம் அடுக்களையில் வீணாகாதிருக்க வேண்டும். மைரோசினேஸ் கடுஞ்சூட்டில் அழிந்துவிடும். குளுக்கோசினோலேட்டோ நீரில் கரைந்துவிடும். ஆகவே கோசை நறுக்கிச் சிறிது நேரம் வைத்திருந்து, குறைந்த நீரில் சிறிது பொழுதே ஆவியில் வேகவிடுவது நன்று. வெந்த நீரைக் கொட்டாமல் ரசத்திலோ குழம்பிலோ சேர்த்துக்கொள்ளலாம். இறக்கிய பின் சிறிது கடுகுப்பொடி தூவினால், சூட்டில் அழிந்த நொதியின் குறை ஓரளவு நிறைவுறும். எண்ணெயில் வெடித்த கடுகுக்கு அவ்வாற்றல் இராது. பூண்டின் தன்மையும் இத்தகையதே. நசுக்கிய பூண்டைப் பத்து நிமிடம் வைத்திருந்து பின்னர் அடுப்பிலேற்றினால், அதன் பயன்மிகு பொருள்கள் பெரிதும் தங்குகின்றன. தக்காளியோ இதற்கு நேர்மாறு. அதன் சிவப்புக்குக் காரணமான லைகோபீன் என்னும் பொருளை, எண்ணெயோடு வேகவைத்து உண்ணும்போதே உடல் நன்கு ஏற்கின்றது.

மஞ்சளைப் பற்றிப் பெங்களூரிலேயே ஓர் ஆய்வு நடந்தது. மஞ்சளிலுள்ள குர்குமின் உடலில் எளிதில் சேர்வதில்லை. 1998-இல் புனித ஜான் மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சியாளர்கள், மிளகிலுள்ள பைப்பரினைக் குர்குமினோடு சேர்த்துக் கொடுத்தபோது, அது இரத்தத்தில் சேரும் அளவு ஏறத்தாழ 20 மடங்காவதைக் கண்டனர். மிளகும் மஞ்சளும் சேரும் நம் சமையலுக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தியே. எனினும் இரத்தத்தில் சேர்வது வேறு, நோயைத் தடுப்பது வேறு என்பதை மறத்தலாகாது.

இவ்வேறுபாட்டை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று உண்டு. காரட்டும் கீரையும் மிகுதியாக உண்போருக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருப்பதைக் கண்ட அறிஞர்கள், அவற்றிலுள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தனர். பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடையே நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வெளிவந்தது. மாத்திரை உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடியிருந்தது! அமெரிக்காவில் நடந்த இத்தகைய ஆய்வொன்றும், நோய் மிகுந்தமை கண்டு 1996-இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஒரு காயில் எத்தனையோ பொருள்கள் கூடி வாழ்கின்றன. அவற்றுள் ஒன்றை மட்டும் பிரித்துப் பெருமளவில் விழுங்குவது அக்காயை உண்பதற்கு ஈடாகாது. விலையுயர்ந்த மாத்திரைப் புட்டியைக் காட்டிலும் ஒரு கட்டுக் கீரை மேலானது.

காய்கறியின் ஆற்றலையும் மிகைப்படுத்திக் கூறலாகாது. ஐரோப்பாவில் ஏறத்தாழ 4,78,000 மக்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2010-இல் வெளியாயிற்று. காய்கனி மிகுதியாக உண்போருக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சற்றே குறைவு. ஆனால் அக்குறைவு மிகச் சிறிதே என்பது அதன் முடிபு. புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டு கோசுப் பொரியலை நம்பியிருப்பவர் ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புபவரே ஆவர். புகையிலையையும் பாக்கையும் விடுவது முதற்காப்பு. காய்கறி அதற்குத் துணைக்காப்பு. உருளை முதலிய மாவுக்கிழங்குகள் நீங்கலாக, காயும் கனியுமாக நாளொன்றுக்கு 400 கிராமேனும் உண்ணுமாறு உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஒரு கிண்ணம் பொரியல், ஒரு கிண்ணம் கீரை, ஒரு பழம் என்று தொடங்கினாலும் நன்மையே. முள்ளங்கியோடு வரும் தழையை எறியாமல் கடைந்தால், ஒரே விலையில் காயும் கீரையும் கிடைத்துவிடும்.

இறுதியாக ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். காய்கறி நோய் வராமல் தடுக்கத் துணை செய்யலாம். வந்த புற்றுநோயைத் தீர்க்கும் மருந்து அதுவன்று. மூன்று வாரம் கடந்தும் ஆறாத வாய்ப்புண், மார்பில் தோன்றும் கட்டி, காரணமற்ற இரத்தக் கசிவு ஆகியவற்றைக் கண்டபின் சாறு பிழிந்து குடித்து நாள் கடத்துவது பேராபத்து. பிற மாநிலத்தில் இருக்கிறோம், மொழி புரியாது, விடுப்புக் கிடைக்காது, ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுதலும் ஆகாது. பெங்களூரில் 1973 முதல் கித்வாய் புற்றுநோய் மருத்துவ நிலையம் பணியாற்றி வருகின்றது. சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் தோன்றிய புற்றுநோய் மருத்துவமனையும் உள்ளது. தொடக்கத்திலேயே கண்டால் குணமாகக்கூடிய புற்றுநோய்கள் பல. சிகிச்சை பெறுவோர் உணவிலும் மருத்துவர் சொற்படியே நடத்தல் வேண்டும்.

நேயர்களே! நாளை மாலை கடை முன் நிற்கும்போது, உருளைக்கிழங்கோடு ஒரு முள்ளங்கிக் கட்டையும் பையில் இட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் எவருக்கேனும் ஆறாத புண்ணோ கட்டியோ இருக்குமாயின், அடுத்த நாளே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.