பித்தக் குழாயில் ஸ்டென்ட்: யாருக்கு, எப்போது, எது?

பெங்களூரின் தெற்கு ஓரத்தில், ஓசூர் சாலையில் இருக்கிறது ஹெப்பகோடி. அதை ஒட்டிய பொம்மசந்திராவில், நாராயணா மருத்துவமனை வளாகத்தில் 2009 முதல் புற்றுநோய் மையம் ஒன்று இயங்குகிறது. ஓசூர், கிருஷ்ணகிரிக் குடும்பங்களுக்குச் சென்னையைவிட இதுவே பக்கம். காமாலைக்குப் புற்றுநோயும் காரணமாக இருக்கலாம்; ஆனால் காமாலை என்றதும் நம் வீடுகளில் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். கிருமித் தொற்றால் வரும் காமாலை பல சமயம் தானாகவே வடிந்துவிடும். குணமாக்கிய பெயர் கீழாநெல்லிக்குப் போய்ச் சேரும். கணையத்தின் தலைப்பகுதியிலோ, பித்தப்பையிலோ, பித்தக் குழாயிலோ வளரும் கட்டி வழியை அடைத்திருந்தால் எந்தப் பச்சிலையும் அதைத் திறக்காது. சிறுநீர் கறுத்து, மலம் வெளுத்து, உடம்பெல்லாம் அரிப்பெடுத்துத் தூக்கம் போய்விட்டதென்றால், வலி இல்லாவிட்டாலும் உடனே ஸ்கேன் எடுத்தாக வேண்டும்.

அடைப்பைத் திறக்க இன்று பெரும்பாலும் வயிற்றைக் கிழிப்பதில்லை. வாய்வழியே எண்டோஸ்கோப்பைச் சிறுகுடல் வரை இறக்கி, பித்தம் வந்து சேரும் துளையில் மெல்லிய கம்பியை நுழைத்து, அதன்மேல் ஸ்டென்ட் என்னும் சிறு குழாயை ஏற்றி நிறுத்துகிறார்கள். 1979-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் நிப் சோஹேந்திரா தொடங்கிவைத்த முறை இது. இதனால் கட்டி கரையாது. ‘குணமாகாத நோய்க்கு எதற்கு இந்தச் செலவு?’ என்று வீட்டில் யாராவது கேட்பது நியாயம்தான். பதில் நோயாளியின் உடம்பிலேயே இருக்கிறது. பித்தம் இறங்கினால் அரிப்பு அடங்கும், பசி திரும்பும். பித்த நிறமியான பிலிருபின் இரத்தத்தில் ஏறிக் கிடக்கும்போது கொடுக்க முடியாத பல கீமோ மருந்துகளை அது குறைந்தபின் கொடுக்க முடியும். இதை வீண் செலவு என்று என்னால் சொல்ல முடியாது.

அதற்காகக் கண் மஞ்சளாக இருக்கும் எல்லாருக்கும் உடனே ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்பதும் சரியல்ல. கணையத் தலைப் புற்றுநோயாளிகளிடம் நெதர்லாந்தில் நடந்த ஆய்வொன்று 2010-இல் வெளியானது. நேரே அறுவை சிகிச்சைக்குப் போனவர்களில் 39 சதவீதம் பேருக்கும், முதலில் பித்தத்தை வடித்துவிட்டுப் போனவர்களில் 74 சதவீதம் பேருக்கும் கடுமையான சிக்கல்கள் வந்தன. அந்த ஆய்வில் பெரும்பாலும் பிளாஸ்டிக் ஸ்டென்ட்தான் வைத்தார்கள், காமாலை மிகவும் முற்றியவர்களைச் சேர்க்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் கட்டியைச் சீக்கிரமே அகற்ற முடியும், பித்தக் குழாயில் தொற்றுக் காய்ச்சலும் இல்லை என்றால், ஸ்டென்ட் எதற்கு என்று கேட்கத்தான் வேண்டும். அடுத்து நடக்கப்போவது அறுவையா, கீமோவா, வேதனை தணிப்பு மட்டுமா என்பது தெளிவானால் ஸ்டென்ட் முடிவும் தெளிவாகும்.

எந்த ஸ்டென்ட் என்பதும் அந்த அடுத்த சிகிச்சையைப் பொறுத்ததே. பிளாஸ்டிக் குழாயின் குறுக்களவு சுமார் 3 மில்லிமீட்டர்; சில மாதங்களில் பித்தக் கசடு படிந்து அடைத்துக்கொள்ளும். நிக்கல்-டைட்டானியக் கலவையாலான உலோக ஸ்டென்ட் ஒடுங்கிய நிலையில் உள்ளே போய், தானாக விரிந்து 10 மில்லிமீட்டர் வரை திறக்கும், அடைபடுவதும் தாமதமாகும். விலை பல மடங்குதான். ஆனால் பிளாஸ்டிக் அடைத்தால் மறுபடி எண்டோஸ்கோப்பி, மறுபடி படுக்கை, உடன் வருபவருக்கு மறுபடி கூலி இழப்பு. இவற்றையும் கூட்டிப் பார்த்தால், அறுவைக்கு வழியில்லாமல் மாதக்கணக்கில் வாழப்போகிறவருக்குப் பிளாஸ்டிக் மலிவாகிவிடாது. எந்த வகையை வைத்தாலும், பின்னால் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அடைப்பும் தொற்றும் சேர்ந்திருக்கலாம். அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.