பிறர் இட்ட ஒட்டுக்கள்: இயக்கி மென்பொருளைப் பொதிசெய்தல் பற்றிய ஒரு நோக்கு

கணனியோடு பொருத்தப்படும் கருவியொன்றுக்கும் பணிசெயல் முறைமைக்கும் இடைநின்று தொழிற்படும் நிரலே இயக்கி எனப்படும். லினக்ஸ் முறைமையின் கருவானது தனது உள்ளிடைமுகங்கள் மாறாதிருக்கும் என எவருக்கும் உத்தரவாதம் அளிப்பதில்லை. இது தெரிந்தே மேற்கொள்ளப்பட்ட கொள்கையாகும். கருவின் மூலநிரற் தொகுதிக்குள் இடம்பெற்ற இயக்கிகளை, இடைமுகத்தை மாற்றுபவரே உடன் திருத்திக்கொடுத்தல் அங்கு வழக்கம். வெளியே நிற்கும் இயக்கிகளுக்கு இக்காவல் இல்லை. புதிய கரு வெளிவருந்தோறும் அவை முறியக்கூடும். ஆக்கிய நிறுவனம் ஒதுங்கிக்கொண்டவிடத்து, அவற்றை விநியோகத்துக்கெனப் பொதிசெய்யும் தொண்டர்கள் மூன்றாந் தரப்பினரின் ஒட்டுக்களை நாட வேண்டியவராகின்றனர்.

புரோட்கொம் நிறுவனத்தின் கம்பியில்லா வலையமைப்புச் சில்லுகளுக்கான இயக்கி இதற்குத் தக்க சான்றாகும். அதன் ஒரு பகுதி மூலநிரலாகவும், மையப்பகுதி மூடிய இருமக் கோப்பாகவும் வழங்கப்பட்டது. 2015 இல் வெளிவந்த 6.30.223.271 என்னும் பதிப்பின் பின்னர், கருவின் மாற்றங்களுக்கு ஈடுகொடுத்தவை டெபியன், ஆர்ச் முதலிய விநியோகங்களில் திரண்ட ஒட்டுக்களே. இலாபம் ஈட்டிய பொருளின் பராமரிப்புச் செலவு ஊதியமற்ற உழைப்பின் மீது சுமத்தப்பட்டது என்பதே இதன் பொருள்.

இவ்வொட்டுக்கள் யாவும் ஒரு தரத்தன அல்ல. 2020 மார்ச்சில் வெளிவந்த 5.6 ஆம் கருவில் ‘ஐஓரீமப்_நோகாஷ்’ என்னும் சார்பு நீக்கப்பட்டது. அதனிடத்தில் ‘ஐஓரீமப்’ எனப் பெயரை மாற்றுதலே போதுமானதாயிற்று. அதே ஆண்டு டிசெம்பரில் வந்த 5.10 இலோ நிலைமை வேறு. கருவின் நினைவக முகவரியைப் பயனரின் முகவரிபோற் காட்டுதற்கு உதவிய ‘செட்_எப்எஸ்’ என்னும் பழைய பொறிமுறை, பாதுகாப்பைக் கருதி முக்கிய கட்டமைப்புக்களில் அகற்றப்பட்டது. இங்கு சொல்லை மாற்றித் தப்பமுடியாது. அழைப்பு முறையையே மாற்றியமைத்தல் வேண்டும். இரண்டையும் ஒரே கண்கொண்டு நோக்கும் பொதியாளர் ஆபத்தை விலைக்கு வாங்குபவராவர்.

1985 இல் லறி வோல் எழுதிய ‘பட்ச்’ என்னும் நிரல், மாற்றவேண்டிய வரிகளை அவற்றின் அயல்வரிகளைக் கொண்டு கண்டறிவது. அயல்வரிகள் சிறிது பிறழ்ந்திருப்பினும் அது இடத்தை ஊகித்து ஒட்டிவிடும். ஒட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது என்னும் செய்தி, அது சரியானது என்பதற்குச் சான்றாகாது. நிரல் தொகுக்கப்பட்டுவிட்டது என்பதும் சான்றாகாது. (தொகுப்பி எச்சரிக்காத இடத்தில் ஐயம் எழாதிருத்தல் மனித இயல்பு போலும்.)

இயக்கியன்று எனினும், ஓப்பின்எஸ்எஸ்எல் மறையாக்க நூலகத்துக்கு நேர்ந்ததை இங்கு கருதுதல் பொருந்தும். 2006 இல் சோதனைக் கருவியொன்றின் எச்சரிக்கைகளை நீக்கும் நோக்குடன் டெபியன் பொதியில் இரு வரிகள் செயலற்றனவாக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று தற்போக்கு எண்ணாக்கத்துக்கு இன்றியமையாதது. மூல ஆக்குநரின் அஞ்சற்குழுவில் முன்னரே வினவப்பட்டது உண்மை. விடையும் மறுப்பாக அமையவில்லை. ஆயின் முடிந்த ஒட்டினை முறையாக அனுப்பிப் பரிசீலிக்கச்செய்யும் படி நிகழவில்லை. 2008 மே மாதம் தவறு வெளியானபொழுது, எண்ணாக்கத்தின் வித்தாக எஞ்சியிருந்தது பெரும்பாலும் செயல்முறை இலக்கம் மட்டுமே எனத் தெரியவந்தது. அதற்கு 32,768 பெறுமானங்களே உண்டு. டெபியனிலும் அதன்வழி வந்த உபுண்டுவிலும் உருவான திறவிகள் பல கைவிடப்பட வேண்டியனவாயின.

2009 இல் டெபியனில் முன்வைக்கப்பட்ட ஒட்டுக் குறிப்பு நெறிமுறை, ஒவ்வோர் ஒட்டின் தலைப்பிலும் அதன் நோக்கம், பிறப்பிடம், ஆக்கியோர், மூல ஆக்குநருக்கு அனுப்பப்பட்டதா என்னும் விபரங்களைப் பதியுமாறு கூறுகின்றது. இவற்றுள் இறுதியானதே என் கருத்தில் முதன்மையானது. அனுப்பப்படாத ஒட்டு ஒருவரின் தனிச்சொத்தாக ஒடுங்கிவிடுகின்றது. அதன் பிழையோ பொதுச்சொத்தாகிவிடுகின்றது.

புரோட்கொம் இயக்கியைப் பொறுத்தவரை சிக்கல் இன்னும் கடியது. அனுப்பலாம், சேர்த்து வெளியிடுவார் இல்லை. மூடிய பகுதியைத் திறந்து பார்க்கவும் எவருக்கும் உரிமை இல்லை. எனவே விநியோகங்கள் தம்முள் ஒட்டுக்களைப் பரிமாறுங்கால், எந்தக் கருவில், எந்தச் சில்லில், எவரால் சோதிக்கப்பட்டது என்பதனையும் உடன் எழுதிவைத்தல் வேண்டும்.