செவிப்பறைக்குப் பின்னால் தேங்கும் நீர்

கூப்பிட்டால் பிள்ளை திரும்பிப் பார்ப்பதில்லை. தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டி வைக்கிறது. வகுப்பில் கவனம் இல்லை என்று பள்ளியிலிருந்து புகார் வருகிறது. இதைப் பிடிவாதம் என்று எண்ணிக் கண்டிக்கும் பெற்றோர் உண்டு. ஆனால், நடுக்காதில் நீர் தேங்கியிருப்பதும் இதற்குக் காரணமாக இருக்கலாம்.

நீர் தேங்குவது எப்படி?

செவிப்பறைக்குப் பின்னால் உள்ள நடுக்காதில் காற்று நிறைந்திருக்க வேண்டும். மூக்கின் பின்புறத்தை நடுக்காதோடு இணைக்கும் யூஸ்டேஷியன் குழாய், நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் திறந்து காற்றை உள்ளே அனுப்புகிறது. இக்குழாய் சரிவர இயங்காவிட்டால் உள்ளே அழுத்தம் குறைந்து நீர் தேங்குகிறது. நாளடைவில் அது பசைபோல் கெட்டியாவதும் உண்டு. அப்போது செவிப்பறை நன்கு அதிர முடியாமல் காது மந்தமாகிறது.

சிறு பிள்ளைகளுக்கு இக்குழாய் குட்டையாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால் அவர்களுக்கே இது அதிகம் வருகிறது. சளி, காதில் கிருமித் தொற்று, அடினாய்டு சதை வீக்கம், வீட்டில் சிகரெட் புகை ஆகியவை முக்கியக் காரணங்கள். பெரும்பாலும் வலி இருக்காது என்பதால் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

சிகிச்சை என்ன?

பலருக்கு 3 மாதங்களுக்குள் நீர் தானாகவே வற்றிவிடும். ஆகவே, மருத்துவர் உடனே அறுவை சிகிச்சைக்குச் சொல்லாமல், செவித்திறனைச் சோதித்துவிட்டுக் காத்திருக்கச் சொல்வார். கிருமிக்கொல்லி மருந்தும் சளி மருந்தும் இந்நீரை வற்றச் செய்வதில்லை. காதில் எண்ணெய் விடுவதாலும் பயனில்லை. நீர் இருப்பது செவிப்பறைக்கு உட்புறம்.

3 மாதங்களுக்குப் பிறகும் இரு காதுகளும் மந்தமாக இருந்தால், செவிப்பறையில் சிறு துளையிட்டு நீரை உறிஞ்சி, 'குரோமெட்' எனும் மிகச் சிறிய குழாயைப் பொருத்துவார்கள். அதன் வழியே காற்று உள்ளே செல்லும். வழக்கமாக 6 முதல் 12 மாதங்களில் அது தானே விழுந்துவிடும். தேவைப்பட்டால் அடினாய்டு சதையும் அகற்றப்படும்.

பெரியவர்கள் கவனத்திற்கு

பெரியவர்களுக்கு ஒரு காதில் மட்டும் நீர் தேங்கி நீடித்தால் அலட்சியம் கூடாது. மூக்கின் பின்புறத்தில் வரும் புற்றுநோயின் அறிகுறியாகவும் அது இருக்கலாம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சீனர்களிடையே இந்நோய் அதிகம் என்றாலும், எந்த இனத்தவரும் நிபுணரிடம் மூக்கின் பின்புறத்தைச் சோதித்துக்கொள்வது அவசியம்.

பேச்சு கற்கும் வயதில் காது மந்தமானால் பேச்சும் படிப்பும் பின்தங்கக்கூடும். பிள்ளையின் முகம் பார்த்துத் தெளிவாகப் பேசுங்கள். வகுப்பில் முன் வரிசையில் அமர்த்தும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். கண்டிப்பதற்கு முன் காதைச் சோதித்துப் பார்ப்பதே நல்லது.