கடைசிக் குழாய் வரை கணக்குக் கேட்போம்

காலை ஆறு மணிக்கு மோட்டார் போடுகிறார்கள். மேல்நிலைத் தொட்டி நிரம்புகிறது. ஊர்ப் பக்கம் போகும் கேட் வால்வை முதலில் திறக்கிறார்கள். அங்கே குடம், அண்டா, மாட்டுத் தொட்டி எல்லாம் நிறைந்த பிறகு காலனிப் பக்க வால்வைத் திருப்புகிறார்கள். அதற்குள் தொட்டியில் கால்வாசித் தண்ணீர்கூட மிச்சமில்லை. காலனியின் முதல் நான்கைந்து வீடுகளுக்கு நூல் போலத் தண்ணீர் வருகிறது. கடைசி வீட்டுக் குழாயில் வெறும் காற்றுதான் வருகிறது.

காலனியில் பிறந்து வளர்ந்த நம்மில் பலருக்கு இது பழகிய காட்சி. இங்கே யாரும் நம்மைக் கிணற்றடியிலிருந்து விரட்டவில்லை. குழாயும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அரசுக் கணக்கில் அது ‘இணைப்பு பெற்ற வீடு’. ஆனால் அந்த வீட்டுப் பெண், இடுப்பில் குடத்தோடு வயல்காட்டு மோட்டாரைத் தேடிப் போகிறார்.

தண்ணீர் எடுக்கும் உரிமையை நம் முன்னோர் போராடி வாங்கித் தந்தார்கள். தண்ணீருக்காக அரசு ஒதுக்கும் பணத்தில் நம் பங்கு நம் தெருவுக்கு வந்து சேர்ந்ததா என்று பார்ப்பது இப்போது நம் வேலை.

பொதுப்பணமும் பொதுக்கிணறும்

இந்த இரண்டும் தொடக்கம் முதலே ஒன்றாகத்தான் பேசப்பட்டன. 1923-ல் பம்பாய் சட்ட சபையில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம், பொதுப்பணத்தில் கட்டிப் பராமரிக்கப்படும் கிணறுகளும் நீர்நிலைகளும் தீண்டப்படாதோருக்கும் உரியவை என்றது. பல நகராட்சிகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. எனவே 1926-ல் அவர் இன்னொரு தீர்மானம் கொண்டுவந்தார். இதை நடைமுறைப்படுத்த மறுக்கும் நகராட்சிகளுக்கு அரசு மானியம் தரக்கூடாது என்பது அதன் சாரம்.

அடுத்த ஆண்டு, 1927 மார்ச் 20 அன்று, அண்ணல் அம்பேத்கர் மக்களைத் திரட்டிச் சென்று மகாடு சவுதார் குளத்தில் நீர் அருந்தினார். அந்தக் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவதாக மகாடு நகராட்சி 1924-லேயே தீர்மானம் போட்டிருந்தது. அது காகிதத்தோடு நின்றுபோனதால்தான் போராட்டம் தேவைப்பட்டது.

நம் மாகாணமும் பின்தங்கவில்லை. பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றைப் பயன்படுத்த ஒடுக்கப்பட்டோருக்கு உரிமை உண்டு என்ற தீர்மானத்தை, 1924-ல் சென்னை சட்ட சபையில் ரெட்டமலை சீனிவாசன் கொண்டுவந்து நிறைவேறச் செய்தார்.

பின்னர் அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவும் இதையே உறுதி செய்தது. அரசுப் பணத்தில் முழுமையாகவோ ஓரளவோ பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை எதிலும் சாதியின் பெயரால் யாரையும் தடுக்க முடியாது. அரசுப் பணம் எங்கே போகிறதோ அங்கே நமக்கும் உரிமை உண்டு என்பதே இதன் பொருள்.

நம் தலையை எண்ணி வரும் பணம்

2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம், ஒவ்வொரு ஊரக வீட்டுக்கும் குழாய் இணைப்பு, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று சொல்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் பிடித்தால் ஏறக்குறைய 15 குடம். நம் வீட்டுக்கு எத்தனை குடம் வருகிறது என்று நாமே எண்ணிப் பார்க்கலாம்.

இந்தத் திட்டத்தின் பணத்தை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வழிமுறையில், ஊரகப் பட்டியலினத்தவர், பழங்குடியினர் மக்கள்தொகைக்கு 10 சதவீத மதிப்பு தரப்பட்டுள்ளது. அதாவது நம் தலைகளை எண்ணித்தான் பணத்தின் ஒரு பகுதி வருகிறது. பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் பாதிக்கு மேல் வாழும் கிராமங்களில், மக்கள் பங்களிப்பு 10 சதவீதமல்ல, 5 சதவீதம்தான் என்றும் விதி இருக்கிறது.

அடுத்து நிதிக்குழு மானியம். 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு 15-வது நிதிக்குழு உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதம் கட்டுண்ட நிதி. அதில் பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு போன்ற பணிகளுக்கும், மறுபாதி சுகாதாரப் பணிகளுக்கும் உரியது. இதை வேறு வேலைக்குத் திருப்ப முடியாது.

மூன்றாவதாக, தமிழ்நாடு அரசு 2024-ல் கொண்டுவந்த ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம். மக்கள்தொகைப் பங்குக்குக் குறையாமல் நிதி ஒதுக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியலினத்தவர் 20 சதவீதம், பழங்குடியினர் 1.1 சதவீதம். ஆக, பணமும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது.

எங்கே நழுவுகிறது?

முதல் ஓட்டை, கணக்கு ஊராட்சி அளவில் எழுதப்படுவது. ஓர் ஊராட்சியில் 400 வீடுகள், அதில் 120 வீடுகள் காலனியில் என்று வைத்துக்கொள்வோம். 400 வீட்டுக்கும் குழாய் போட்டதும் நூறு சதவீதம் என்று எழுதி விடுகிறார்கள். அந்த 120 வீட்டில் எத்தனைக்குத் தண்ணீர் ஏறுகிறது என்பதற்கு அந்தத் தாளில் இடமே இல்லை.

இரண்டாவது, பொதுத் திட்டச் செலவில் ஒரு பங்கை நம் பெயரில் எழுதிக்கொள்வது. கர்நாடகத்தில் 2013-ல் வந்த துணைத்திட்டச் சட்டத்தில் 7(டி) என்றொரு பிரிவு இருந்தது. பொதுவான கட்டமைப்புப் பணிகளின் செலவில் ஒரு பகுதியைப் பட்டியலினத்தவருக்குச் செலவிட்டதாகக் கருத அது இடம் கொடுத்தது. தலித் அமைப்புகள் தொடர்ந்து எதிர்த்த பிறகு 2023-ல் அதை நீக்கினார்கள். சாலையோ குடிநீர்க் குழாயோ, நம் தெருவைத் தொடாத செலவு நம் கணக்கில் ஏறக்கூடாது.

மூன்றாவது, பராமரிப்பு. ஊர்ப் பக்கம் மோட்டார் எரிந்தால் மறுநாளே ஆள் வருகிறார். காலனியில் குழாய் உடைந்தால் ‘நிதி இல்லை’ என்ற பதில் வருகிறது. புதிய பணியை மட்டும் பார்த்துவிட்டுப் பராமரிப்புச் செலவைப் பார்க்காமல் விட்டால் பாதிக் கணக்குதான் பார்த்ததாகும்.

தனித்தொட்டி போதுமா?

‘உங்களுக்கு என்று தனியாக ஒரு தொட்டி கட்டிக் கொடுத்துவிடுகிறோம்’ என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். தூரமும் மேடும் காரணமாக இருந்தால் தனித்தொட்டி நியாயமே. ஆனால் ஊர்த் தொட்டியில் பங்கு கொடுக்க மனமில்லாமல் கட்டப்படும் தொட்டி, பிரிவினைக்கு அரசுப் பணத்தில் கட்டும் சுவர்.

தனித்தொட்டி பாதுகாப்பும் அல்ல என்பதைப் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயல் காட்டியது. 2022 டிசம்பரில் அங்கே தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தபோது, குழந்தைகள் ஏற்கெனவே நோயில் படுத்திருந்தார்கள். நமக்குத் தேவை சரியான அளவில் போட்ட குழாயும், முறைவைத்துத் திறக்கும் வால்வும், பூட்டிப் பாதுகாக்கும் தொட்டியும். ஒருநாள் ஊர்ப்பக்கம் முதலில் என்றால் மறுநாள் காலனிப் பக்கம் முதலில் திறக்கட்டும். இதற்குப் பணம்கூட வேண்டாம், மனம் இருந்தால் போதும்.

கிராம சபையில் கேட்போம்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். ஊராட்சித் தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் வரவு செலவைச் சபையில் வைத்தாக வேண்டும். நாம் கேட்க வேண்டியவை நான்கு.

1. கடந்த ஆண்டு குடிநீருக்கு வந்த பணம் எவ்வளவு? அதில் காலனியில் நடந்த வேலை எது, செலவு எவ்வளவு?

2. மோட்டார், குழாய் பழுதுக்கு ஊர்ப் பக்கம் எவ்வளவு, காலனிப் பக்கம் எவ்வளவு?

3. கிராமக் குடிநீர்க் குழுவில் யார் யார்? அதில் பாதிப் பேர் பெண்களாகவும், நலிந்த பிரிவினர் கால் பங்காகவும் இருக்க வேண்டும் என்பது ஜல் ஜீவன் விதி. நம் தெருப் பெண்கள் அதில் இருக்கிறார்களா?

4. கடைசி வீட்டுக்கு எத்தனை குடம் வருகிறது? இதைத் தீர்மானமாக எழுதுங்கள் என்று கேட்க வேண்டும். எழுதினார்களா என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

பதில் வராவிட்டால், பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஒரு வாரம், தினமும் காலையில், உங்கள் தெருவின் முதல் வீட்டிலும் கடைசி வீட்டிலும் எத்தனை குடம் பிடித்தார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். வால்வு எத்தனை மணிக்குத் திறந்தது, எப்போது மூடியது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கிராம சபைக்கு அம்மாவும் பெரியம்மாவும் போகும்போது அந்த நோட்டு அவர்கள் கையில் இருக்கட்டும். ‘எங்களுக்குத் தண்ணி வரல’ என்று சொன்னால் ‘பார்க்கலாம்’ என்பார்கள். ஏழு நாள் கணக்கை மேசைமேல் வைத்தால், அவர்களும் கணக்கோடுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.