அழுத்தக் கட்டுப்பாட்டு வரிச்சுருள் பழுதறிதல்

அழுத்தக் கட்டுப்பாட்டு வரிச்சுருள் என்பது தானியங்கிக் கியர்ப்பெட்டியினுள் எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் பயன்படும் மின்காந்த வால்வு ஆகும். பணிமனைகளில் இது பிரஷர் சொலினாய்டு எனப்படுகிறது. இது பழுதடைந்ததாக வண்டியின் கணினி அறிவிக்கும்போது, பழுது சுருளில் உள்ளதா, அதற்குச் செல்லும் கம்பியில் உள்ளதா, எண்ணெயில் உள்ளதா எனப் பிரித்தறிய வேண்டும். சுருளை மாற்றப் பெரும்பாலும் கியர்ப்பெட்டியின் அடித்தட்டைக் கழற்ற வேண்டும். கம்பிப் பழுதோ சில வேளைகளில் ஓர் இணைப்பியைத் துப்புரவு செய்வதோடு தீர்ந்துவிடும்.

செயற்பாடு

இயந்திரத்தால் சுழற்றப்படும் எக்கி எண்ணெயை அழுத்துகிறது. அவ்வழுத்தமே கியர்ப்பெட்டியினுள் உள்ள கிளட்ச் தட்டுகளை இறுக்குகிறது. வண்டி மெதுவாக உருளும்போது குறைந்த அழுத்தமும், சுமையுடன் மேடேறும்போது மிகுந்த அழுத்தமும் தேவை. கணினி சுருளுக்குச் செல்லும் மின்னோட்டத்தைச் சுழியத்திலிருந்து ஏறத்தாழ 1 ஆம்பியர் வரை மாற்றி இதனைச் சரிசெய்கிறது. பல வகைகளில் மின்னோட்டம் கூடினால் அழுத்தம் குறையும். இது தலைகீழாகத் தோன்றினாலும் காரணத்தோடு செய்யப்பட்டதே. கம்பி அறுந்தால் அழுத்தம் உச்சத்திற்குச் செல்லும். கியர் மாறும்போது வண்டி அதிரும், ஆனால் தட்டுகள் வழுக்கிக் கருகுவதில்லை.

எல்லாத் தானியங்கி வண்டிகளிலும் இச்சுருள் இல்லை. தாம்பரத்திற்குத் தெற்கே மறைமலைநகரில் 2022 வரை இயங்கிய ஃபோர்டு ஆலையில் உருவான ஈகோஸ்போர்ட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2013இல் அறிமுகமான இவ்வண்டியின் முதல் தானியங்கி வகையில் உலர் இரட்டைக் கிளட்ச் இருந்தது; அதனை மின்னோடிகள் இயக்கின. 2017 இறுதியில் வந்த வகையில்தான் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஆறு கியர்ப் பெட்டி இடம்பெற்றது. பெயர் ஒன்றே என்பதால் ஒன்றன் அறிகுறியை மற்றொன்றுக்குப் பொருத்துதல் தவறு.

பழுதுக் குறியீடுகள்

ஸ்கேனரில் பி0745 எனத் தோன்றினால் முதல் சுருளின் கட்டுப்பாட்டில் பழுது எனப் பொருள். பி0746, பி0747 ஆகியவை முறையே சுருள் நிறுத்த நிலையிலோ இயக்க நிலையிலோ சிக்கியிருத்தலைச் சுட்டும். பி0748 மின்பழுதையும், பி0749 விட்டுவிட்டு வரும் பழுதையும் குறிக்கும். இவற்றுள் எதுவும் "சுருளை மாற்றுக" எனச் சொல்லவில்லை. குறியீட்டைக் கண்டவுடன் உதிரிப்பாகம் வாங்குவோர் பலர். புதிய சுருள் பொருத்திய பின்னும் அதே குறியீடு திரும்பும்போதுதான் கம்பியைப் பார்க்கின்றனர்.

சோதனை

முதலில் மின்கலத்தின் அழுத்தத்தை அளக்க வேண்டும். தளர்ந்த மின்கலமே பொய்க் குறியீடுகளைத் தரக்கூடும். அடுத்து எண்ணெயின் அளவும் நிறமும் பார்க்கப்படும்.

பின்னர் மின்சாவியை அணைத்து, கணினி முனையில் இணைப்பியைக் கழற்றி மின்தடையை அளக்கலாம். அங்கு அளந்தால் சுருளோடு கம்பியும் சேர்ந்து சோதிக்கப்படுகிறது. பல வண்டிகளில் இது ஏறத்தாழ 5 ஓம் அளவில் இருக்கும். சரியான அளவை அவ்வண்டியின் கையேட்டில் காண்க. வெப்பநிலையைக் கருதாவிடில் இவ்வளவீடு ஏமாற்றும். செம்பின் மின்தடை ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 0.39 விழுக்காடு கூடுகிறது. 20 பாகையில் 5 ஓம் காட்டும் நல்ல சுருள், 90 பாகையில் 6.4 ஓம் காட்டும். ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் ஊர்ந்து வந்த வண்டியை அப்படியே நிறுத்தி அளந்தால், நல்ல சுருளும் பழுதெனத் தோன்றலாம். இரவு முழுவதும் ஆறிய பின் காலையில் அளப்பது நன்று. அளக்கும்போதே கம்பியை மெல்ல அசைத்துப் பார்த்தால் உள்ளே அறுந்த இழை வெளிப்படும்.

மின்சுற்றில் குறையில்லை எனில், கியர்ப்பெட்டியின் சோதனைத் துளையில் அழுத்தமானி பொருத்தப்படும். கணினி மின்னோட்டத்தை மாற்றும்போது அழுத்தமும் மாற வேண்டும். மாறாது ஒரே அளவில் நின்றால் வால்வு சிக்கியுள்ளது எனக் கருதலாம். மாறினாலும் எப்போதும் குறைவாகவே இருந்தால், எக்கியையோ அடைபட்ட வடிகட்டியையோ ஐயுற வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டிகள்

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளும் வாகனங்களும் மூழ்கின. மூழ்கிய வண்டியின் கியர்ப்பெட்டிக்குள் காற்றுத் துளை வழியே நீர் புகலாம். அப்போது சிவந்த எண்ணெய் பால் கலந்த இளஞ்சிவப்பாக மாறும். கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் பூச்சு காகித இழையால் ஆனது. அது நீரை உறிஞ்சி, பசை விட்டு உரிந்து, வால்வுகளின் நுண்துளைகளை அடைக்கும். ஆகவே எண்ணெயைப் பார்க்கும் முன் இயந்திரத்தை இயக்கக் கூடாது.

நீர் உள்ளே புகாத வண்டியிலும் இணைப்பியின் ஊசிகள் பச்சை பூத்து அரிக்கக்கூடும். அரிப்பால் 2 ஓம் கூடினாலும் 5 ஓம் சுருளுக்கு அது பெரிய மாற்றமே. வெள்ளம் வடிந்து பல மாதங்கள் கழித்துத் தோன்றும் பி0748 குறியீட்டிற்கு இதுவும் காரணமாகலாம். அதனால் பழைய வண்டி வாங்குவோர் அது வெள்ளத்தில் நின்றதா எனக் கேட்டறிதல் பயன்தரும்.

சுருளை மாற்ற நேர்ந்தால் அடித்தட்டிலுள்ள காந்தத்தையும் பார்க்கலாம். மெல்லிய சாம்பல் நிறக் குழம்பு இயல்பானது. உலோகச் சில்லுகளோ, தட்டில் கருகிய கருந்துகள்களோ இருந்தால் புதிய சுருளும் விரைவில் அடைபடும். சில வகைகளில் புதிய சுருளின் அளவீட்டு எண்ணைக் கணினியில் பதிய வேண்டும். பதியாவிடில் நல்ல சுருளுடனும் கியர் மாற்றம் அதிர்வுடனேயே தொடரும்.