அளவுகோலே தப்பானால்?

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த அழகான படங்களை நாம எல்லாரும் பார்த்திருக்கோம். ஆனா 1990 ஏப்ரலில் அது விண்வெளிக்குப் போன புதிதில் அனுப்பிய படங்கள் மங்கலாகத்தான் இருந்தன. ஏன் தெரியுமா?

ஹபிளின் முக்கியமான கண்ணாடி ஒரு குழி ஆடி. அதன் விட்டம் 2.4 மீட்டர். இவ்வளவு பெரிய ஆடியைத் தேய்த்து மெருகேற்றும்போது வளைவு சரியா இருக்கான்னு எப்படிப் பார்ப்பது? அங்கே ஒளிதான் ஸ்கேல்! லேசர் ஒளியை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பாதி ஆடியில் பட்டுத் திரும்பி வந்து மறு பாதியோடு சேரும். அப்போது வெளிச்சமும் இருட்டுமாக வரிகள் தெரியும். இதுதான் இயற்பியலில் வரும் குறுக்கீட்டு விளைவு.

ஹபிள் ஆடியின் வளைவு பந்தின் உட்புறம் போன்றது இல்லை. அதனால் ஒளி போகும் வழியில் 'நல் கரெக்டர்' என்ற கருவியை வைத்தார்கள். ஆடி சரியான வடிவத்தில் இருந்தால் வரிகள் நேராக வரும். மேடு பள்ளம் இருந்தால் வளையும். வளைந்த இடத்தை மறுபடி மெருகேற்றுவார்கள்.

இங்கேதான் வந்தது வினை! அந்தக் கருவிக்குள்ளே ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. வரிகள் நேராக வந்தன. ஆடியின் வடிவம்தான் தப்பு. விளிம்பு 2.2 மைக்ரான் அதிகமாகத் தட்டையாகிவிட்டது. அதாவது தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு! அதற்கே விளிம்பில் பட்ட ஒளியும் நடுவில் பட்ட ஒளியும் ஒரே புள்ளியில் குவியவில்லை.

இதைவிட வருத்தமான விஷயம் ஒண்ணு இருக்கு. தொழிற்சாலையில் வேறு இரண்டு கருவிகளை வைத்துச் சோதித்தபோதே தப்பு தெரிந்தது. ஆனா 'அதெல்லாம் அவ்வளவு துல்லியம் இல்லை' என்று ஒதுக்கிவிட்டார்கள்.

நல்லவேளை, தப்பு எவ்வளவு என்று பிறகு சரியாகக் கண்டுபிடித்தார்கள். 1993 டிசம்பரில் எண்டெவர் விண்கலத்தில் போன வீரர்கள், தப்பைச் சரிக்கட்டும் சிறிய ஆடிகளைக் கொண்ட கருவிகளைப் பொருத்தினார்கள். பார்வை மங்கியவருக்குப் பவர் கண்ணாடி போட்ட மாதிரி! அதற்குப் பிறகு படங்கள் தெளிவாக வந்தன.

யோசிக்க: லேப்ல மூணு ரீடிங்ல ஒண்ணு ஒத்துவரலைன்னா, அதை அடிச்சுட்டு நமக்குப் பிடிச்சதை எழுதறோமே, சரியா? அந்த ஒத்துவராத ரீடிங்தான் உண்மையைச் சொல்லுதோ என்னவோ!

— அறிவியல் மன்றத்துக்காக, 11-ஆம் வகுப்பு மாணவி